உரிதலும் உரித்தலும்

‘தோல் உரிந்தது’ என்றால் தன்வினை. ‘தோலை உரித்தான்’ என்றால் பிறவினை. இரண்டுக்கும் பகுதி ஒன்றே. இடையில் நின்ற மெல்லொற்று வல்லொற்றானவுடன் பொருள் மாறிவிடுகிறது. வகுப்பறையில் இஃது இலக்கணம். முகத்தோலில் நிகழும்போது மருத்துவம். அழகு நிலையங்களிலும் இணைய விற்பனையிலும் ‘கெமிக்கல் பீல்’ என்று இன்று பேசப்படும் அமிலத் தோலுரிப்பை அறிந்துகொள்வதற்கு இவ்வேறுபாடே நல்ல வாயிலாகும்.

நம் மேற்றோல் ஓயாது உரிந்துகொண்டே இருக்கிறது. அதன் அடித்தளத்தில் பிறக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக மேலேறி, உயிர் நீத்து, தட்டையான செதில்களாகிக் கண்ணுக்குப் புலனாகாமல் உதிர்கின்றன. இளமையில் இச்சுற்று முடிய ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். வயது ஏற ஏற நாளும் கூடும். இது தோலின் தன்வினை. அமிலம் பூசி இவ்வுதிர்வை விரைவுபடுத்துவதும், வேண்டுமானால் இன்னும் ஆழமான படலத்தைச் சிதைத்துப் புதுத்தோல் வளரச் செய்வதும் பிறவினை.

கெடாவின் கூலிம் மாவட்டத்தில், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர்க்கு அமிலம் புதிய பொருளன்று. ரப்பர்ப் பாலில் நீர்த்த பார்மிக் அமிலத்தைக் கலந்தால் பால் உறைந்து கட்டியாகும். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைப் புரதப் படலம் ஒன்று சூழ்ந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டாதபடி காக்கிறது. அமிலம் அக்காப்பைக் குலைக்கவே துகள்கள் ஒன்றுகூடுகின்றன. அளவறிந்து கலந்தால் அது தொழில். அதே அமிலம் நீர் கலவாமல் கையில் பட்டால் புண். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பின்பும் இவ்வறிவு நம் பெரியவர்களிடம் இருக்கிறது.

மருத்துவர் கையாளும் டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம் தோலின் புரதத்தை உறையச் செய்கிறது. பூசிய இடம் சற்று நேரத்தில் உறைபனி படிந்தாற்போல வெளுக்கும். அவ்வெளுப்பின் அடர்த்தியைக் கொண்டே அமிலம் சென்ற ஆழத்தை மருத்துவர் கணிக்கிறார். அஃது அழகின் வெண்மையன்று. முட்டையின் வெண்கரு வெந்து வெளுப்பதை ஒத்த வெண்மை.

இம்முறைக்கு வயது நூறாண்டுக்கு மேல். ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா 1882ஆம் ஆண்டிலேயே சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், பீனால், டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம் ஆகியன தோலில் செய்யும் வேலையை விளக்கியிருக்கிறார். கரும்பிலுள்ள கிளைக்காலிக் அமிலம், தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் போன்றவை செதில் நோய்க்கு உதவுவதை அமெரிக்காவில் ஆய்ந்த வான் ஸ்காட், யூ ஆகிய இருவர் 1974இல் வெளியிட்டனர்.

உரிப்பு மூவகைப்படும். மேற்றோலளவில் நிற்பது முதல்வகை. கிளைக்காலிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் பெரும்பாலும் இதற்கே பயன்படும். உள்தோலின் மேற்பகுதியைத் தொடுவது இரண்டாவது. ஏறத்தாழ 35 விழுக்காட்டு டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம் இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது ஆழ்ந்த உரிப்பு. இதில் பீனாலுடன், நம் சித்த மருத்துவர் பேதி மருந்தாக அறிந்த நேர்வாளத்தின் எண்ணெயும் சேர்வதுண்டு. பீனால் உடலுள் ஊறினால் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். ஆதலின் இதயத்தைக் கருவியால் கண்காணித்துக்கொண்டே இதனைச் செய்வர்.

இனி நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் வருகிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல், வெயிலுக்குத் தோல் எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்பதைக் கொண்டு ஒரு பகுப்பை வகுத்தார். பின்னர் அஃது ஆறு பிரிவுகளாக விரிந்தது. தமிழர் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையுள்ள பிரிவுகளில் அடங்குவர். நிறமி தரும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இனத்தார்க்கும் ஏறக்குறைய ஒன்றே. நம்மிடம் அவை மெலனினை மிகுதியாக ஆக்குகின்றன. வெயிலிலிருந்து காக்கும் அக்கொடையே காயம்பட்டால் மிகையாகிவிடுகிறது. வெளிர்ந்த தோல் சிவந்து ஆறும் புண், நம் தோலில் கருந்தழும்பாய் மாதக்கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கப் பூசிய அமிலமே கருமையைத் தருவது இவ்வாறுதான். எனவே கறுத்த தோலுக்கு ஆழ்ந்த உரிப்பைப் பெரும்பாலும் தவிர்ப்பர். மேலளவான உரிப்பையே குறைந்த வலிமையில் தொடங்கிப் படிப்படியாகச் செய்வர்.

முறையாகச் செய்தால் பயன் உண்டா? உண்டு. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் மயிர்த்துளைக்குள் புகுந்து பருவைத் தணிக்கும். மருத்துவர் இதனை 20 முதல் 30 விழுக்காடு வரை பயன்படுத்துவர். கிளைக்காலிக் அமிலம் பருவின் வடுக்கறையையும், மங்கு எனப் பெண்கள் குறிக்கும் கருந்திட்டையும் மங்கச் செய்யும். இதனை உரிய நேரத்தில் சோடியம் பைகார்பனேட்டுக் கரைசலாலோ நீராலோ நிறுத்தவேண்டும். சில நிமிடம் கடந்தாலும் புண்ணாகலாம். இருப்பினும் மங்கு வெயில் பட்டால் மீண்டும் வரும். பிறவி நிறத்தையோ எந்த அமிலமும் நிலையாக மாற்றாது. புதிதாய் வளரும் தோலும் அதே நிறமியோடுதான் வளர்கிறது.

கருவுற்றவர், உதட்டில் அக்கிக் கொப்புளம் வரும் இயல்பினர், தழும்பு மேடிட்டு வளரும் உடல்வாகினர், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் உண்பவர் ஆகியோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறவேண்டும். உரிப்புக்குப் பின் செதிலைக் கையால் பிய்த்தல் கூடாது. ஆண்டு முழுதும் வெயில் எரிக்கும் கெடாவில், வெயில் காப்புக் களிம்பும் குடையும் இல்லாமல் இம்மருத்துவத்தில் இறங்குவது வீண்.

பெருங்கேடு புட்டியில் வருகிறது. திருமண நாள் நெருங்கும்போது, செறிவு மிகுந்த அமிலத்தை இணையத்தில் வாங்கி வீட்டில் பூசிப் பார்க்கும் ஆசை எழுகிறது. இத்தகைய பொருள்களை மருத்துவ மேற்பார்வையின்றி வாங்கவோ பூசவோ வேண்டாமென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது. மலேசியாவில் அழகியல் மருத்துவம் செய்யும் மருத்துவர்க்குச் சுகாதார அமைச்சு தனிச் சான்று வழங்குகிறது. அதனைக் காட்டும்படி கேட்பது நம் உரிமை. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலந்த அழகுசாதன முகப்பூச்சுகள் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டவை என்பதையும் நினைவிற்கொள்க.

ஆசிரியப் பெருமக்களே! பருவுக்கும் தழும்புக்கும் மருத்துவம் நாடும் மாணவியைத் தோல் மருத்துவரிடம் அனுப்பத் தயங்கவேண்டாம். ஆனால் “நான் கறுப்பாக இருக்கிறேன், எதைப் பூசலாம்?” என்று கேட்கும் பெண்ணுக்கு வேறு விடை தேவை. அவளுடைய நிறம் நோயன்று. உரித்தெறிய வேண்டிய பொருளுமன்று. அதனை அவள் முதலில் நம்மிடம் கேட்டறியட்டும். புட்டி விற்பவரின் சொல் பிறகுதான் அவள் காதில் விழவேண்டும்.