ரோடு போட்டாச்சு... தோண்டலாமா?

திங்கட்கிழமை காலை. ஆபீஸுக்குக் கிளம்பி பைக்கை வெளியே எடுத்தால்... நேற்று வரை குண்டும் குழியுமாகக் கிடந்த தெரு, புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கிறது! ராத்திரியோடு ராத்திரியாகத் தார் போட்டுவிட்டார்கள். மனசு குளிர்கிறதா? அவசரப்படாதீர்கள். மூன்றாவது வாரம் பொக்லைன் வந்து நிற்கும்.

"என்ன சார், இப்பத்தானே ரோடு போட்டாங்க?"

"அது அவங்க சார். நாங்க பாதாளச் சாக்கடை!"

இந்த 'அவங்க... நாங்க'வில்தான் வில்லங்கமே!

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் தார் மாநகராட்சியுடையது. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம். கீழே ஓடும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் 1978-ல் தனியாகப் பிறந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மறுபடியும் மாநகராட்சி. கரன்ட் கேபிள், மின்வாரியம். டெலிபோன் கேபிளுக்கு வேறு ஆட்கள். ஒரே மருமகளுக்கு ஐந்து மாமியார்!

சரி, தோண்டாமலே இருக்க முடியுமா? முடியாது. 2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்ததும், 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆகிவிட்டது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் அப்போது பாதாளச் சாக்கடையே கிடையாது. கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டித்தான் ஆக வேண்டும். கேள்வி, எதை முதலில் செய்வது என்பதுதான்.

ஆழமானது முதலில்!

சாக்கடை பெரும்பாலும் சரிவில் தானாக ஓட வேண்டிய சமாச்சாரம். குழாய் நீள நீள ஆழமும் கூடும். ஆகவே முதலில் சாக்கடை, பிறகு குடிநீர், வடிகால், கேபிள்; கடைசியில்தான் தார். மாற்றிச் செய்வது, சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு இலையை எடுத்துக் கழுவுகிற கதை.

இன்னொன்று, பள்ளத்தை மூடும்போது மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். அப்படியே தள்ளிவிட்டு மேலே தாரைப் பூசினால், முதல் மழையிலேயே உட்கார்ந்துவிடும். பார்ப்பதற்குத் தேங்கிய தண்ணீர். அடியில் அரை அடிப் பள்ளம். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அப்படித்தான் பைக்கோடு விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் பஸ் வரவில்லை. வந்திருந்தால், இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

சட்டம் இல்லாமலில்லை

தோண்டுகிற துறை, ரோட்டைச் சரிசெய்யும் செலவை மாநகராட்சியில் கட்டி அனுமதி வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் ரோடு வெட்டத் தடை போடுகிறார்கள். சேவைத் துறைகளைக் கூட்டி வைத்துப் பேசுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். தோண்டும் முன் கீழே என்ன இருக்கிறது, யாருடையது என்று விசாரிப்பதற்காக, 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியையே கொண்டுவந்தது.

அப்புறம் ஏன் தோண்டுகிறார்கள்? ஒவ்வொரு துறைக்கும் பணம் வரும் மாதம் வேறு, டெண்டர் வேறு, கான்ட்ராக்டர் வேறு. மெயின் குழாய் முடிந்ததும் ரோட்டைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டு இணைப்புக்கோ ஆளுக்கு ஒரு நாள் விண்ணப்பிக்கிறோம். விளைவு? வீட்டுக்கு ஒரு கோடு! ஆக, இதில் நம்ம பங்கும் இருக்கிறது.

வைத்தியம் ரொம்ப எளிது. தெருவாரியாக ஒரே காலண்டர். "எங்க வேலை முடிஞ்சுது, வீட்டு இணைப்பும் கொடுத்தாச்சு" என்று எல்லாத் துறையும் கையெழுத்துப் போட்டால்தான் தார் வண்டி தெருவுக்குள் வர வேண்டும். நாமும், குழாய் பதிக்கும்போதே தெருவோடு சேர்ந்து இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மூடிய பள்ளம் இறங்கினால் 1913-க்கு ஒரு போன் போட்டு, புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் போன வாரம் புது ரோடு. எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா இருக்கு இல்ல சார்?" என்றேன்.

"நல்லா பார்த்துக்கோ தம்பி. அடுத்த மாசம் இருக்குமோ, என்னவோ!"