ஒரு மீனுக்கு லட்சக்கணக்கில் விலையா?

சென்னை கொளத்தூர் கடைகளில் ஒரு ஜோடி கப்பி மீனைச் சில்லறைக் காசுக்கே வாங்கிவிடலாம். அதே அலங்கார மீன் சந்தையில் லட்சக்கணக்கில் விலைபோகும் மீனும் உண்டு. அதுதான் ஆசிய அரோவானா! பெரிய செதில்களும் மீசையும் டிராகனை நினைவூட்டுவதால், இதை வளர்த்தால் செல்வம் சேரும் என்பது சீனர்களின் நம்பிக்கை.

சிவப்பு ரகத்தின் தாயகம், இந்தோனேசியாவின் மேற்கு கலிமந்தானில் ஓடும் கபுவாஸ் ஆறு. தங்க நிற ரகம் மலேசியாவுக்குச் சொந்தம். ஆசைப்பட்டவர்கள் எல்லாம் பிடித்ததில் ஆறுகளில் இந்த இனம் அருகிப்போனது. இப்போது 'சைட்டிஸ்' சர்வதேச ஒப்பந்தப்படி, பதிவுபெற்ற பண்ணைகளில் பிறந்த மீன்களை மட்டுமே வெளிநாடுகளுக்கு விற்கலாம்.

'பண்ணையில் நிறைய உற்பத்தி செய்தால் விலை குறையுமே?' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்த மீன் பருவத்துக்கு வரவே மூன்று, நான்கு வருடங்கள் ஆகும். வெளித்தோற்றத்தில் ஆண், பெண் பிரித்தறிவதும் கடினம். பல மீன்களைக் குளத்தில் விட்டு, அவையே ஜோடி சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

பல மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரோவானா இடுவதோ சில டஜன்கள்தான். அவற்றை அப்பா மீன் தன் வாயில் வைத்து வாரக்கணக்கில் அடைகாக்கும். பண்ணைக்காரர்கள் அதன் வாயை மெல்லத் திறந்துதான் குஞ்சுகளை எடுக்கிறார்கள். சிவப்பு நிறம் முழுதாக ஏற மேலும் சில வருடங்கள் பிடிக்கும். ஆக, நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புக்குத்தான்.

விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மீனின் உடலிலும் மைக்ரோசிப் பொருத்தி, அதே எண்ணுடன் சான்றிதழும் தருவார்கள்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

* நம்மூரில் மலிவாகக் கிடைக்கும் சில்வர் அரோவானா, தென் அமெரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். அதை 'ஆசிய அரோவானா' என்று சொல்லி விற்றால் ஏமாறாதீர்கள்.

* சிப் எண்ணை ஸ்கேனரில் காட்டச் சொல்லி, சான்றிதழோடு ஒப்பிடுங்கள்.

* 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பதை அரசிடம் பதிவுசெய்ய வேண்டும்.

* இரண்டரை அடிக்கு மேல் வளரும். இருபது வருடங்கள்கூட வாழும். சின்னத் தொட்டி போதாது.

சான்றிதழ் இல்லாமல் 'பாதி விலைக்குத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அது ஆற்றில் திருட்டுத்தனமாகப் பிடித்த மீனாக இருக்கலாம். அதை வாங்கினால் நம் பணத்துக்கும் ஆபத்து, அந்த இனத்துக்கும் ஆபத்து!