மூன்று எஸ் என்பது தோல்வி அல்ல

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்து லயங்களில் கேட்பது ஒரே கேள்விதான்: "கெம்பஸ் கிடைக்குமா?" மூன்று பாடத்திலும் சித்தியடைந்த பிள்ளைகூட "மூணு எஸ்தான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறது. அந்தத் "தான்" எனக்கு மனவருத்தம் தருகிறது. பதின்மூன்று ஆண்டுப் படிப்பை முடித்த பிள்ளை அது.

இந்த மயக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் பாடசாலைப் படிப்பை முடித்ததற்கான சான்றும் பல்கலைக்கழகத்துக்கு ஆள் தெரிவுசெய்யும் போட்டியும் ஒரே பரீட்சைதான். சித்தி என்பது ஒன்று, இடம் கிடைப்பது வேறொன்று. எஸ் என்றால் 35 முதல் 54 வரையான புள்ளி, அதாவது சாதாரண சித்தி. ஒரே தடவையில் மூன்று பாடத்திலும் எஸ் எடுத்து, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் பெற்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிடுகிறது. ஆனால் தகுதி பெற்றவர்களில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் போதாது. இடம் போதாதது பிள்ளையின் குறை அல்ல.

பெறுபேற்றுத் தாளில் வீட்டாரைக் கலங்கவைப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரியிலிருந்து பிள்ளையின் புள்ளி எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று பார்த்து, அதை அந்தப் பாடத்தின் நியம விலகலால் வகுக்கிறார்கள். சராசரி 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 55 எடுத்தால் இசட் 1. சராசரி 60, விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 55 எடுத்தால் மைனஸ் 0.5. இரண்டிலும் தரம் சி தான். மூன்று பாடங்களின் சராசரி இசட்டே தாளில் அச்சாகிறது. மைனஸைக் கண்டதும் "பெயில்" என்று அழுகிற வீடுகள் உண்டு. மைனஸ் இசட்டோடும் மூன்று சித்தி இருக்கலாம். அதற்கு முழு மதிப்பும் உண்டு.

அடுத்தது மாவட்டக் கணக்கு. கண்டித் தோட்டங்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, கண்டி இல்லை. ஆகவே தெல்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை, கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே மாவட்டப் பங்குக்குப் போட்டி போடவேண்டும். எல்லைக்கு அப்பால் அதே தேயிலை, அதே லயம், ஆனால் வெட்டுப்புள்ளி வேறு. மாவட்டத்தைத் தீர்மானிப்பது படித்த பாடசாலை என்பதால், உயர்தரத்துக்குப் பாடசாலை மாற்றும்போதே பெற்றோர் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் நினைக்கவேண்டும். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். கண்டியில் திரித்துவக் கல்லூரி தொடங்கியது 1872இல். ஐந்தே ஆண்டு இடைவெளி. ஆனால் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்த்தது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நிற்கும் ஓராசிரியர் தோட்டப் பாடசாலை. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது, பேராதனை வளாகம் 1952இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாக ஏற்கத் தொடங்கியதோ 1970களில்தான். இன்று உயர்தரம் எழுதும் பிள்ளையின் பாட்டிக்குப் பல வீடுகளில் கையெழுத்துப் போடத் தெரியாது. சனிக்கிழமை விடியுமுன் பஸ் பிடித்துக் கண்டி டியூஷனுக்குப் போய், இருட்டிய பிறகு மலையேறி வந்து, லயத்துக் காம்பராவில் தம்பி தங்கை தூங்கியபின் படித்த பிள்ளையின் மூன்று எஸ் அது.

அதை வைத்து என்ன செய்யலாம்? பத்தனை ஸ்ரீ பாத போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகள் உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டுதான் ஆசிரிய மாணவரைத் தெரிவுசெய்கின்றன. கண்டியிலேயே உயர் தொழில்நுட்ப நிறுவனம், தொழில்நுட்பக் கல்லூரி இரண்டும் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்திலும், பேராதனையின் வெளிவாரிப் பட்டத்திலும் வேலை செய்துகொண்டே படிக்கலாம். கிராம உத்தியோகத்தர் போட்டிப் பரீட்சைக்கும் உயர்தரச் சித்தி வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தடவை வரை எழுதலாம். மறுபடி எழுதத் தீர்மானித்தாலும் மற்ற விண்ணப்பங்களை நிறுத்தவேண்டாம். கல்வியியற் கல்லூரிக்கான அழைப்பு வர்த்தமானியில் வரும், வயதெல்லையும் உண்டு. பாடசாலை விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். தோட்டங்களில் பதியும்போது பெயர் திரிந்துபோன பிள்ளைகள் நேர்முகப் பரீட்சை நாளில்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.