எட்டடித் தூரத்துக் கோபம்

எட்டடித் தூரத்தில் கோல்ஃப் பந்து, அந்தப் பக்கம் குழி. இதையே பிழைப்பாகக் கொண்ட, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரின் வீரர்கள், நடுவே ஒரு தடையும் இல்லாத இந்தப் பந்தை எத்தனை முறை உள்ளே தள்ளுகிறார்கள் தெரியுமா? ஏறத்தாழப் பாதி முறை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அந்தப் போட்டிகளில் விழுந்த ஒவ்வோர் அடியின் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டு, 2014இல் ஒரு புத்தகம் எழுதினார். மூன்றடியிலிருந்து நூற்றுக்கு 96 விழுகிறது. எட்டடியிலிருந்து 50. இருபதடியிலிருந்து வெறும் 15.

இந்த மூன்று எண்களையும் ஒரு பழைய பேரேட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுபவள் நான். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. கொடைக்கானலில் தூண் பாறைக்குப் போகும் வழியில் வேன் ஜன்னலுக்கு வெளியே அந்தப் பச்சைச் சரிவைப் பார்த்ததோடு சரி. ஆனால் வாராவாரம் கைபேசியில் கோல்ஃப் போட்டி ஆடுகிறேன். பழக்கிவிட்டவன் கோயம்புத்தூரில் படிக்கும் என் அண்ணன் மகன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் முடிக்கலாம் என்று ஓர் எண் உண்டு; அதுதான் பார். ஓரடி குறைத்து முடித்தால் பர்டி, ஓரடி கூடினால் போகி. குழிக்கு அருகே வந்தபின் பந்தைத் தரையோடு உருட்டித் தட்டுவது பட்டு. பதினெட்டுக் குழிகளையும் சேர்த்து யாருடைய மொத்தம் குறைவோ அவர் முதலிடம். கைபேசியில் உடம்புக்கு வேலை இல்லை. திரையில் ஒரு மீட்டர் இருக்கும். அதில் ஒரு கோடு ஓடும். அது நடுக்குறிக்கு வரும் நொடியில் விரலைத் தட்ட வேண்டும். மயிரிழை முந்தினால் பந்து ஒரு பக்கம், பிந்தினால் மறுபக்கம். காற்று எங்கிருந்து வீசுகிறது, தரை ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த மட்டை என்பதையெல்லாம் நாம்தான் கூட்டிக் கழிக்க வேண்டும். அந்தக் கூட்டல் கழித்தல்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

பொழுதுபோக்காக ஆடும்போது கை நடுங்குவதில்லை. சரியாக வராவிட்டால் மூடிவிட்டு மறுபடி தொடங்கலாம். போட்டியில் அது முடியாது. அடித்தது அடித்ததுதான். பதினாறு குழிவரை பிசகில்லாமல் வந்து, பதினேழாவதில் பந்து தண்ணீருக்குள் போகும்போது வயிற்றுக்குள் ஒன்று திரளும் பாருங்கள், அது பொய்க் கோபம் இல்லை. ஆட்டம் பொம்மையாக இருக்கலாம், படும் எரிச்சல் நிஜம். “ஒரு போன் விளையாட்டுக்கு இவ்வளவா?” என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் சீட்டில் ஜோக்கர் வராதபோது தங்கள் முகத்தைப் பார்த்ததில்லை.

ஒருநாள் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். குரலே சரியில்லை.

“அத்தை, ஆறடி பட்டு. அதுகூடப் போகலை. நான் எதுக்கும் லாயக்கில்லை.”

“இந்த மாசம் ஆறடியில எத்தனை தட்டினே? எத்தனை விழுந்துச்சு?”

“அதையெல்லாம் யாரு எண்ணுறா?”

“எண்ணாமலே லாயக்கில்லைன்னு எப்படிடா முடிவுக்கு வந்தே?”

எங்கள் ஆலையில் நூறு கிலோ பஞ்சை உள்ளே போட்டால் நூறு கிலோ நூல் வெளியே வராது. தூசியும் குறும்பஞ்சும் கழிவாகப் போயே தீரும். எவ்வளவு கழியும் என்று ஆலைக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு மேல் போனால்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கோல்ஃபில் கழிவுக் கணக்கை நம்மில் யாரும் போடுவதில்லை. எல்லாப் பந்தும் உள்ளே போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதனால் தவறும் ஒவ்வொரு பந்தும் நம் தகுதியின் மேல் விழும் அடியாகத் தெரிகிறது.

பிராடியின் விகிதம் நிஜ மைதானத்துக்கு. கைபேசியில் பட்டிங் அதைவிட எளிது, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆகவே உங்கள் விகிதத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும். நான் எடுப்பது இப்படி: தூரம், காற்று, மட்டை, தவறினால் எந்தப் பக்கம் என்று ஒரு வரி, பென்சிலில். கொஞ்ச நாள் போனதும் அந்த வரிகள் பேச ஆரம்பிக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஆடிய சுற்றுகளில் நான் மீட்டரை முந்தித் தட்டுவது கூடுகிறது என்று பேரேடு சொன்னது. வலப்பக்கக் காற்றை நான் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறேன் என்றும் சொன்னது. இரண்டுக்கும் என் தன்னம்பிக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்றுக்குத் தூக்கம் மருந்து, இன்னொன்றுக்குக் குறியை இன்னும் கொஞ்சம் காற்றின் பக்கம் நகர்த்துவது.

மனம் உடைவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. டபிள்யூ.ஜி.டி. என்கிற வேர்ல்டு கோல்ஃப் டூரை எடுத்துக்கொள்வோம். 2008இல் இணையத்துக்கு வந்தது. நிஜ மைதானங்களைப் படம் பிடித்து அப்படியே திரையில் கொண்டுவந்த ஆட்டம். அதில் ஹேக், அமெச்சூர், ப்ரோ, டூர் ப்ரோ, மாஸ்டர், டூர் மாஸ்டர், லெஜண்ட் என்று படிகள் உண்டு. உங்கள் சராசரி நன்றாக வந்தால் அடுத்த படிக்கு ஏற்றிவிடுவார்கள். ஏறினால் இறங்க முடியாது. ஏறியதும் என்ன நடக்கும்? முதல் அடி அடிக்கும் இடம் குழியிலிருந்து பின்னே தள்ளிப் போகும். குழியைச் சுற்றியுள்ள கிரீன் வழுக்கும். நேற்றுவரை தட்டிய விசையில் இன்று தட்டினால் பந்து குழியைத் தாண்டி ஓடும். எதிரே நிற்பவர்களும் உங்களைப் போல ஏறி வந்தவர்கள். போன மாதம் பத்தாம் இடத்தில் இருந்தவர் இந்த மாதம் பட்டியலின் அடியில் கிடப்பார். கை அதே கை, கண் அதே கண். “எனக்கு ஆட்டமே மறந்துபோச்சு” என்று பலர் கைபேசியைத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். பதவி உயர்வு கிடைத்த மறுநாளே தனக்கு வேலை தெரியவில்லை என்று அழுவதற்குச் சமம் இது. இந்த அவமானத்துக்குப் பயந்து வேண்டுமென்றே மோசமாக ஆடிக் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. கீழே இருக்கும் பாவப்பட்டவர்களின் பரிசை அவர்கள் வாரிக்கொண்டு போகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை.

படி ஏறியபின் பழைய சராசரியை மறந்துவிடுவதே நல்லது. புதுப் பக்கம் திருப்பி, புதுத் தலைப்புப் போட்டு, முதல் வரியிலிருந்து எழுத வேண்டும்.

தரவரிசைப் பலகையும் ஆளைக் கொல்லும். பி.ஜி.ஏ. டூர் வரலாற்றில் ஒரு சுற்றில் எடுத்த மிகக் குறைந்த எண் 58. ஜிம் ஃபியூரிக் 2016இல் எடுத்தது. கைபேசிப் போட்டியின் பலகையில் முதல் ஐந்து பேரைப் பார்த்தால் ஐம்பதுகள் சர்வசாதாரணமாகக் கிடக்கும். பார் அளவான 72 எடுத்த நமக்கு, ஏதோ பரீட்சையில் தோற்றது போல் இருக்கும். அந்த ஐவரும் எத்தனை வருடமாக ஆடுகிறார்கள், என்ன விலை மட்டை, எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது பலகையில் இருக்காது. நான் என் பெயருக்கு மேலே இருக்கும் மூன்று பெயர்களை மட்டும் பார்ப்பேன். அவர்களை எட்டிப் பிடிக்கலாம்.

பயம் கையை எப்படி இழுக்கிறது என்பதற்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெவின் போப்பும் வார்ட்டன் கல்லூரியின் மாரிஸ் ஷ்வைட்சரும் 2011இல் ஒரு சான்று தந்தார்கள். தொழில்முறை வீரர்களின் 25 லட்சம் பட்டுகளை ஆராய்ந்தார்கள். அதே தூரம், அதே வகைப் பட்டு. ஆனால் போகியைத் தவிர்க்கத் தட்டும்போது விழுவதைவிட, பர்டிக்காகத் தட்டும்போது நூற்றுக்கு இரண்டு போல் குறைவாகவே விழுந்தது. டைகர் உட்ஸும் விலக்கு இல்லை. இழப்பைத் தடுக்கும்போது வீரர் கவனத்தைக் கூர்மையாக்குகிறார். லாபத்துக்கு ஆடும்போது அடக்கி வாசிக்கிறார், பந்து குழிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. இதைப் படித்தபின் பர்டிப் பட்டு வந்தால் நான் மனதுக்குள் அதைப் பார் பட்டு என்றே பெயர் மாற்றிவிடுகிறேன். சின்ன ஏமாற்று வேலைதான். பலன் இருக்கிறது.

சியான் பைலாக் என்ற உளவியலாளர் (இன்று டார்ட்மத் கல்லூரியின் தலைவர்) பதற்றத்தில் கை தடுமாறுவதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். கோல்ஃபில் தேறியவர்களிடம் கை எப்படி அசைகிறது என்று கவனித்தபடியே தட்டச் சொன்னால் அவர்கள் ஆட்டம் கெடுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு அந்தக் கவனம் உதவுகிறது. மீட்டருக்கும் இதையே பொருத்திப் பார்க்கிறேன். பழகிய விரலை நடுவில் நின்று மேற்பார்வை பார்க்கக் கூடாது. யோசனையெல்லாம் கோடு ஓடத் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். காற்றைப் பார், மட்டையை எடு, ஒரு மூச்சு விடு, தட்டு. எல்லா அடிக்கும் இதே வரிசைதான், முதல் குழியானாலும் கடைசிக் குழியானாலும்.

சரி, எல்லாம் செய்தும் சுற்று நாசமாகிவிட்டது. பாதியில் எழுந்து போகலாமா? இதைப் பற்றி என் அண்ணன் மகனிடம் நான் சொல்வது பாபி ஜோன்ஸ் கதையை. 1921, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம், பிரிட்டிஷ் ஓப்பன். அமெரிக்கப் பையனுக்கு வயது 19, முன்கோபி. மூன்றாம் சுற்றின் பதினோராவது குழியில் பந்து மணற்குழிக்குள் விழுந்தது. அடித்தார், வெளியே வரவில்லை. மறுபடி அடித்தார். கடைசியில் அந்தக் குழியை முடிக்காமலே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார். போட்டியிலிருந்து வெளியேறியதாக அதற்கு அர்த்தம். அந்த வெட்கம் அவரை நெடுநாள் துரத்தியது. 1927இல் அதே மைதானத்தில் அதே ஓப்பனை ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். 1930இல் அங்கேயே பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்று, அந்த ஆண்டே நான்கு பெரிய பட்டங்களையும் கைப்பற்றினார். 1958இல் அந்த ஊர் தன் கௌரவக் குடிமகனாக அவரை ஏற்றது. அதற்கு முன் அந்தப் பெருமை பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒருவர்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் டபிள்யூ.ஜி.டி.யிலும் இருக்கிறது. பதினோராவது குழி வரும்போது மணலைப் பார்த்து ஒரு கும்பிடு போடலாம்.

சரிந்து எழுந்தவர் ஜோன்ஸ் மட்டும் இல்லை. இந்தக் காலத்து வீரர் ரோரி மெக்கில்ராய் 2011 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் நான்கு அடி முன்னிலையோடு இறங்கி, 80 எடுத்துச் சரிந்தார். ஜூனில் யு.எஸ். ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். மாஸ்டர்ஸ் மட்டும் 2025 வரை காக்க வைத்தது.

ஒரு விஷயத்தில் நான் கறார். தோற்ற சூட்டோடு ஆட்டத்தின் கடைப்பக்கம் போகக் கூடாது. மீட்டரை மெதுவாக ஓடவைக்கும் பந்து, தூரம் கூடிய மட்டை என்று அங்கே விற்பதெல்லாம் கோபத்தில் இருப்பவருக்கு மருந்து மாதிரியே தெரியும். வாங்குவதானால் மறுநாள் காலை, காபி குடித்தபின் வாங்கலாம். பெரும்பாலும் அதற்குள் ஆசை ஆறியிருக்கும். நான் ஆடும் போட்டியில் கிடைப்பது ஆட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் நாணயம். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியாவில் 2025இல் சட்டமே தடைசெய்துவிட்டது. அந்தப் பக்கம் தலைவைக்கவே வேண்டாம்.

எரிச்சல் கைபேசியோடு நிற்காமல் சாப்பாட்டு நேரத்திலும் வேலையிடத்திலும் மாதக்கணக்கில் தொடர்ந்தால், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாவிட்டால், அது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் ஆட்டத்தின்மேல் கட்டுப்பாட்டை இழத்தல் ஒரு கோளாறாகவே இடம்பெற்றிருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இந்த வாரம் சுற்று எவ்வளவு கெட்டாலும் பதினெட்டாவது குழிவரை ஆடி முடியுங்கள், வந்த எண்ணைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.