மடிப்புக் கோடு இருந்தா பயப்படாதீங்க!

1931-ல வந்த 'டிராகுலா' படத்தோட ஒரு போஸ்டர், 2017-ல அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏலத்துல 5,25,800 டாலருக்குப் போச்சு. ஒரு காகிதத்துக்கு ஏன் இவ்வளவு? அந்தக் காலத்துல போஸ்டரை யாரும் பெருசா சேர்த்து வைக்கலை. படம் மாறினா திருப்பி அனுப்புவாங்க, இல்ல குப்பைக்குப் போகும். தப்பிச்சது ரொம்பக் கொஞ்சம்.

சரி, அசல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல அளவு. பழைய அமெரிக்க 'ஒன் ஷீட்' பொதுவா 27-க்கு 41 அங்குலம். அடுத்து மடிப்பு. 1980-கள் வரை பெரும்பாலும் மடிச்சுத்தான் தியேட்டருக்கு அனுப்பினாங்க. அதனால மடிப்புத் தடம் ஒரு குறை இல்ல. அது இல்லைன்னாதான் ஏன்னு கேக்கணும். கடைசியா கீழ் ஓரம். 1940-கள்ல இருந்து நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் விநியோகிச்ச போஸ்டர்கள்ல ஒரு எண் இருக்கும். அதுக்கு முன்னாடி 'ஆர்' எழுத்து இருந்தா, மறுவெளியீட்டுக்கு அச்சடிச்சதுன்னு அர்த்தம். போலி இல்ல, ஆனா விலை பெரும்பாலும் குறைவு.

இன்னொண்ணு: நீங்க கேட்ட ஏலத் தொகைக்கு மேல 'பையர்ஸ் பிரீமியம்'னு ஒரு சதவீதம் சேரும். ஏலம் கேக்கறதுக்கு முன்னாடியே அதையும் கூட்டிப் பாத்துடுங்க.