தேமாவும் காணொளி முகவரியும்

யாப்பிலக்கணத்தார் 'தேமா' என்னும்பொழுது மாமரத்தைக் கருதுவதில்லை. நேர்நேர் என அலகு பெறும் எச்சீரும் அவ்வாய்பாட்டில் அடங்கும். பொருளை விடுத்து வடிவை நோக்கும் இம்முறையே, கணினியியலார் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என வழங்கும் உத்தியின் அடிப்படையுமாகும். 1956இல் வெளியான கட்டுரையில் கணிதவியலார் ஸ்டீபன் கிளீனி இதற்கு வித்திட்டார். 1968இல் கென் தாம்சன் இதனைக் கணினித் தேடலுக்குரிய கருவியாக்கினார்.

இதனால் தமிழ் மாணவர்க்கு என்ன பயன்? கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் தொடங்கப்பெற்ற 2001ஆம் ஆண்டிற்குப் பின் இணையவழித் தமிழ்க்கல்வி பெரிதும் வளர்ந்துள்ளது. அறிஞர்தம் உரைகள் பல இன்று காணொளிகளாகக் கிடைக்கின்றன. அவை வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடப்பதால், முகவரிகளைத் தொகுத்தல் நூலடைவு தொகுத்தலை ஒத்த பணியாகும்.

ஒவ்வோர் இணையப்பக்கத்தின் பின்னும் எச்டிஎம்எல் என்னும் குறிமொழி உண்டு. அதில் காணொளியின் முகவரி பெரும்பாலும் இரட்டை மேற்கோள் குறிகளுக்கிடையே அமையும். 'தொடக்க மேற்கோள், இடையே எவையேனும், முடிவு மேற்கோள்' என வாய்பாடு அமைப்பின் அது கிட்டும். 'எவையேனும்' என்பதைப் புள்ளியும் விண்மீன்குறியும் இணைந்து .* என உணர்த்தும்.

இங்குதான் பிழை நுழைகிறது. ஒரே வரியில் இரு காணொளிகள் இருப்பின், முதல் மேற்கோள் தொடங்கி அவ்வரியின் கடைசி மேற்கோள் வரை அனைத்தையும் .* விழுங்கிவிடும். இரண்டு உரைகளின் முகவரிகள் ஒன்றாய்ச் சிதையும். கணினியோ பிழையென ஒரு சொல்லும் உரையாது. வினாக்குறி சேர்த்து .*? என எழுதின், அடுத்து எதிர்ப்படும் மேற்கோளிலேயே தேடல் நின்றுவிடும். 'மேற்கோள் அல்லாதவை மட்டும்' எனப் பொருள்படும் [^"]* அதனினும் உறுதியானது.

படங்களின் முகவரிகளும் மேற்கோளுக்குள்ளேயே வருவதால், வாய்பாட்டை மேலும் குறுக்குதல் வேண்டும். யூடியூப் காணொளி ஒவ்வொன்றிற்கும் 11 குறிகளாலான அடையாளம் உண்டு. அதனை வாய்பாட்டில் சேர்த்தால் படங்கள் விலகும்.

எனினும், பக்கத்தை ஆக்கியோர் நீக்கக் கருதி மறைத்துவைத்த பழைய முகவரியும் இவ்வலையில் சிக்கும். பக்கம் திறந்தபின் நிரல்வழி வந்து சேரும் காணொளி தப்பிவிடும். ஆதலின் பத்துப் பக்கங்களையேனும் கண்ணால் எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடுதல் நன்று. வாய்பாடு வடிவையே காணும். விடுபட்ட உரையைத் தேடிச் சேர்ப்பது தொகுப்பவர் கடன்.