சுருள்முடியும் ஐம்பாலும்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நெருங்கச் சுருண்ட முடியோடு பிறந்த பெண்பிள்ளைகள் கேட்க நேரும் சொற்களுள் 'காப்பிரி முடி' என்பதும் ஒன்று. தலை வாரும்போது சீப்புச் சிக்கிக்கொள்ளும் கணத்தில் அம்மம்மா சலிப்போடு சொல்வது அது. வகுப்பறையிற் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சொல்வதும் அது. சொல்பவருட் பெரும்பாலோர் ஆபிரிக்கப் பெண் ஒருத்தியின் தலையை அருகிருந்து பார்த்தவரல்லர். அடங்காதது, அழகு செய்ய இயலாதது என்னும் இரு கருத்துக்களை அச்சொல் தன்னுட் கொண்டுள்ளது. இவ்விரண்டும் பிழையானவை என்பதும், கூந்தலை மதிப்பிடுவதற்கு நமது இலக்கிய மரபு வேறோர் அளவுகோலை வைத்திருந்தது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

சொல்லின் வரலாற்றை முதலில் நோக்குவோம். மறுப்போன், நம்பாதோன் என்று பொருள்படும் 'காஃபிர்' என்னும் அரபுச் சொல் போர்த்துக்கேய மொழியிற் 'கஃப்ரே' ஆகி, அங்கிருந்து தமிழிற் காப்பிரி என்றும் காப்பிலி என்றும் வழங்கலாயிற்று. போர்த்துக்கேயர் ஆபிரிக்கரை, சிறப்பாக மொசாம்பிக் கரையோரத்தவரை, அடிமைகளாகவும் போர்வீரராகவும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களுட் பெரிய குழுவினர் புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் வாழ்கின்றனர். கிழக்குக் கரையிலும் சிலர் பறங்கியரோடு மணவுறவு கொண்டு கலந்துவிட்டனர். தென்னாபிரிக்காவில் நிறவெறியின் வசைச்சொல்லாக இழிந்த அதே சொல், இலங்கையில் அச்சமூகத்தவர் தம்மைத் தாமே குறிக்கும் பெயராகவும் இருந்துவருகிறது. ஒரு மக்களின் பெயரை முடியின் குறையொன்றுக்குப் பெயராக ஆக்கியவர்கள் நாமே.

மட்டக்களப்பில் இதற்கு ஒரு விசித்திரமான சான்றும் உண்டு. 1628 இற் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை 1638 இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. ஆட்சி போயினும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இந்நகரப் பறங்கியரின் வீடுகளில் நிலைத்தது. அவர்களின் திருமண வீடுகளில் வயலின் இசைக்கு ஆடப்படும் ஆடல் 'கஃப்ரிஞ்ஞா' எனப்படும். அப்பெயரின் பொருள் சிறு காப்பிரிப் பெண் என்பதாகும். கென்னத் டேவிட் ஜாக்சன் இம்மரபின் பாடல்களை மட்டக்களப்பிலே தொகுத்து ஆராய்ந்துள்ளார். ஆடலிலே மகிழ்ச்சிக்குரியவளாக நிற்கும் அதே பெண், தலைவாரும் திண்ணையில் ஏளனத்துக்குரியவளாகிவிடுகிறாள்.

இனி, முடியின் இயல்பைக் காண்போம். மயிர் முளைக்கும் குழி நேராக அமைந்திருப்பின் முடி நேராகவும், வளைந்திருப்பின் சுருண்டும் வளர்கிறது. நேர்முடியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டமானது. நெருங்குசுருளினது தட்டையான நீள்வட்டம். சுருளின் ஒவ்வொரு வளைவும் இழைக்கு ஒரு பலவீனமான இடம். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கி நுனிவரை இறங்கும். சுருளிலோ வளைவுதோறும் தடைப்பட்டு வேரோடு நின்றுவிடும். ஆகவேதான் அது வறள்கிறது. வறண்டபடியே வேரிலிருந்து சீப்பை இழுத்தால் அறுகிறது. நம் வீடுகளில் 'அடங்காமை' எனப்படுவது பெரும்பாலும் இவ்வறட்சியே. முடியை நனைத்து, எண்ணெய் பூசி, பகுதி பகுதியாகப் பிரித்து, அகன்ற பற்சீப்பினாலோ விரல்களாலோ நுனியிற் தொடங்கி மெல்ல வேரை நோக்கிச் சிக்கெடுத்தால் அழுகையின்றி வேலை முடியும். ஆபிரிக்கச் சீப்புக்கள் நீண்டு அகன்ற பற்களோடு செய்யப்பட்டமைக்குக் காரணம் இதுவே. அடிக்கடி அரப்பும் தேசிக்காயும் வைத்துத் தோய்வது நேர்முடிக்கு ஒத்துக்கொள்ளலாம்; இம்முடியை அது மேலும் வறளச் செய்யும்.

இவ்வமைப்பு வெப்பநாட்டு வாழ்வோடு இயைபுடையது. ரீனா லசீசி என்னும் மானிடவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மைக்கு வெவ்வேறு வகைப் பொய்முடிகளை அணிவித்துச் செய்த ஆய்வு 2023 இல் வெளிவந்தது. வெயிலின் வெப்பம் தலையை அடைவதைத் தடுப்பதில் நெருங்குசுருளே முதலிடம் பெற்றது.

இழைகளுக்குப் பலவீனம் தரும் அதே சுருளே முடி ஒப்பனைக்குப் பலமும் ஆகிறது. நேர்முடியைப் பின்னி நாடா கட்டாது விட்டால் சற்று நேரத்தில் அவிழ்ந்துவிடும். சுருள்முடியில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், ஊசியோ நாடாவோ இன்றியே கொடுத்த உருவம் நிற்கும். அதனை விரித்துச் சீவிவிட்டால் ஒளிவட்டம்போற் தலையைச் சூழ்ந்து நிற்கும், இது 'அஃப்ரோ'. தலைத்தோலோடு ஒட்டி வயல்வரம்புகள்போல் வரிசையாகப் பின்னலாம். அமெரிக்காவில் அதற்குச் சோள வரிசை என்று பெயர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்த கரீபியன் தீவுகளிற் கரும்பு வரிசை என்று பெயர். நைஜீரியாவின் யொரூபா மகளிர் வரிசைகள் யாவற்றையும் உச்சிக்கு ஏற்றிக் கூடைபோல் முடிவதைச் 'சூக்கு' என்பர். கறுப்பு நூலை முடிக்கற்றைகளிற் சுற்றிக் கம்பிபோல் நிமிர்த்தி வளைப்பதும் அவர்கள் மரபே. இரு புரிகளாக முறுக்கலாம். சிறு சிறு முடிச்சுக்களாகச் சுருட்டித் தலை முழுவதும் வைக்கலாம். அம்முடிச்சுக்களை மறுநாள் அவிழ்த்தால் அலையலையான வேறொரு கோலம் கிடைக்கும். ஒரே பெண் ஒரு மாதத்துள் இவற்றுட் பலவற்றைப் புனையலாம். முகத்தின் முன் சிறு பந்தாகத் தோன்றும் முடி, இழுத்துப் பார்த்தால் தோளுக்குக் கீழே இறங்குவதும் உண்டு.

இப்பல்வகைமையை ஆவணப்படுத்தியவருட் தலையாயவர் நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஓக்காய் ஓஜேக்கரே (1930–2014). 1968 முதலாகப் பல ஆண்டுகள் தெருவிலும் திருமணங்களிலும் கண்ட பெண்களின் தலைகளைப் பெரும்பாலும் பின்புறமிருந்து படம்பிடித்தார். நகரில் எழுந்த உயர்ந்த கட்டடங்களைப் பார்த்து ஒப்பனை செய்த பெண்கள் ஒரு கோலத்துக்கு 'ஒனிலே கொகோரோ', அதாவது உயர்மாடி வீடு, என்று பெயரிட்டிருந்தனர். மரபு என்பது மாறாதிருப்பது என்று கருதுவோர் இப்படங்களைக் காணவேண்டும்.

இவ்வொப்பனைகளுக்குப் பின்னே பெண்களின் உழைப்பு மறைந்துள்ளது. நுண்ணிய பின்னலுக்குப் பல மணிநேரம் வேண்டும். ஒருத்தி தாழ இருக்க, மற்றொருத்தி பின்னே உயர இருந்து பின்னுவாள். கதையும் வம்பும் அறிவுரையும் அங்கே பரிமாறப்படும். நம் வளவுகளில் மாலைவேளைகளிற் பேன் பார்த்தவாறு பேசியிருந்த பெண்களை அறிந்தோர்க்கு அக்காட்சி அந்நியமன்று. அளவுக்கு மீறி இறுக்கிப் பின்னினால் நெற்றியோர முடி வேரோடு கழன்றுபோகும் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

அதிகாரம் இம்முடியின் மீது கைவைத்த வரலாறு நீண்டது. 1786 இல் ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூசியானாவின் ஆளுநர் மீரோ, விடுதலைபெற்ற கறுப்பினப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மறைத்தல் வேண்டும் என ஆணையிட்டார். அவர்களோ அத்துணியையே வண்ணமும் மடிப்புமாகக் கட்டி அணியாக்கினர். தென்னாபிரிக்காவில் 1950 ஆம் ஆண்டின் மக்கட் பதிவுச் சட்டத்தின் கீழ், முடியில் பென்சில் ஒன்றைச் செருகி அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து மனிதரின் இனம் தீர்மானிக்கப்பட்டதுண்டு. சட்டம் செய்யாததைச் சந்தை செய்தது. காரமான இரசாயனங்களால் முடியை நேராக்கும் பழக்கம் வேலைவாய்ப்போடும் 'நாகரிக'த்தோடும் பிணைக்கப்பட்டது. அத்தகைய பொருள்களை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடையே கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதை 2022 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. 1960 களின் கறுப்பின விடுதலை இயக்கம் அஃப்ரோவை எதிர்ப்பின் அடையாளமாக உயர்த்தியது இப்பின்னணியிலேயே. எனினும், இயல்பான முடியோடு வேலைக்கும் பள்ளிக்கும் செல்வதற்குச் சட்டப் பாதுகாப்பை அமெரிக்காவிற் கலிபோர்ணியா மாநிலமே 2019 இல் முதலில் வழங்கியது. 2016 இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் மாணவியர் தம் பள்ளியின் முடி விதிகளை எதிர்த்துத் திரண்டனர். நிறவெறிச் சட்டங்கள் நீங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த காலம் அது.

நம் மரபுக்கு வருவோம். சங்க இலக்கியம் பெண்ணின் கூந்தலை ஐம்பால் என்றது. ஐவகையாக முடிக்கப்படுவது என்பது அதன் பொருள். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்று அவ்வகைகளை எண்ணுவர். எண்ணும் முறையில் வேறுபாடுகள் உள. எனினும் சுருளுக்கு அவற்றுள் இடமுண்டு. நீர் வடிந்த கருமணலில் விழும் வரிகளாகிய அறலையே புலவர் கூந்தலுக்கு உவமை கூறினர். கோடையில் வாவி வற்றும் ஓரங்களில் அவ்வரிகளை நாம் இன்றும் காணலாம். அவற்றில் நேர்கோடு ஒன்றேனும் இல்லை. சங்கப் புலவர் நெருங்குசுருளைப் பாடினர் என்று நாம் வாதிடவில்லை. நீண்டு தாழ்ந்த கரிய கூந்தலையே அவர்கள் விரும்பினர். ஆனால் எத்தனை விதமாக முடிக்கலாம் என்பதைக் கொண்டே கூந்தலுக்குப் பெயரிட்ட மரபு அது. அவ்வளவுகோலால் அளந்தால் ஆபிரிக்கப் பெண்ணின் முடி ஐம்பாலில் அடங்காது.

சடைமுடியைப் பற்றியும் ஒரு சொல். கதிர்காமத்துப் பெண் துறவியரின் சடைகளை ஆராய்ந்து கணநாத் ஒபயசேகர 1981 இல் 'மெடுசாவின் கூந்தல்' என்னும் நூலை வெளியிட்டார். அச்சடையைத் தெய்வத்தின் கொடை என்று பணிகிறோம். ஏறத்தாழ அதே தோற்றமுடைய புரிகள் ஒரு கறுப்பினப் பெண்ணின் தலையிற் தொங்கினால் அழுக்கு என்கிறோம். யுத்தத்தினாற் புலம்பெயர்ந்து இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழும் நம்மவர், தாமே நிறத்தின் பேரால் ஒதுக்கப்படும் நிலையிலும், அயல்வீட்டுக் கறுப்பினத்தவரைக் காப்பிலி என்று தமிழிற் குறிப்பிடுவதைக் கேட்டவர் பலர்.

நம் பள்ளிக்கூடங்களில் இரட்டைப் பின்னலும் நாடாவும் ஒழுங்கின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. அது நேர்முடியை மனத்திற்கொண்டு வகுத்த வழக்கம். நெருங்குசுருள் முடியுடைய சிறுமிக்கு அதனை நிறைவேற்ற நாள்தோறும் காலையில் அரைமணி நேர இழுபறி வேண்டும். மதிய வெயிலுக்குள் நுனிகள் மீண்டும் சுருண்டு எழும். தலையோடு வரிவரியாகப் பின்னிவிட்டால் ஒரு வாரத்துக்குக் குலையாது, நாடாவும் வேண்டியதில்லை. அப்படிப் பின்னிச் சென்ற சிறுமி ஒருத்தி, 'ஸ்டைல் காட்டுகிறாய்' என்று கூறப்பட்டு, அவிழ்த்துக் கட்டிவருமாறு வாசலிலிருந்தே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதை நாம் நேரில் அறிவோம். பின்னியவர் அவளுடைய அம்மம்மா. முதல்நாட் பின்னேரம் முழுவதும் இருந்து பின்னியிருந்தார்.